பை பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம்! - கன்னியாகுமரியில் ஒரு குடும்பத்தலைவியின் புத்தாண்டு

ஜனவரி 1, காலை 5 மணி. கன்னியாகுமரியில் இன்னும் இருட்டு விலகவில்லை. அதற்குள் முக்கடல் சங்கமத்தின் கரையில் நிற்க இடமில்லை. கறுப்பு வேட்டியில் ஐயப்ப பக்தர்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள், கல்லூரி மாணவர்கள், தலையில் மஃப்ளர் சுற்றிய வட மாநிலத்துப் பெரியவர்கள். நடுவே சுக்குக் காபி கேனை சைக்கிளில் கட்டிக்கொண்டு ஒருவர் கூவிக்கொண்டே போகிறார்.

அந்தக் கூட்டத்தில் கையில் ஒரே ஒரு துணிப்பையுடன் தனியாக நிற்கிறார் ஒரு பெண். வயது 47. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறார். கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், பிளஸ் டூ படிக்கும் மகன், மாமியார் என ஐந்து பேர் கொண்ட குடும்பம். பெயர் வேண்டாம் என்கிறார். "சொந்தக்காரங்க படிச்சா, 'குடும்பத்தை விட்டுட்டு ஊர் சுத்தப் போயிட்டா'ம்பாங்க" என்று சிரிக்கிறார்.

கல்யாணமாகி 23 வருடங்களில் அவர் தனியாகச் செய்யும் முதல் பயணம் இது.

முதல் முறை வந்தபோது...

கன்னியாகுமரி அவருக்குப் புதிதல்ல. 11 வருடங்களுக்கு முன் வேன் பிடித்து 14 பேராக வந்திருக்கிறார்கள். அந்தப் பயணத்தில் அவருக்கு நினைவிருப்பது புளியோதரைத் தூக்குவாளியும், வழியெல்லாம் வாந்தி எடுத்த மகனும்தான். விவேகானந்தர் பாறைக்குப் படகில் போக எல்லோரும் வரிசையில் நின்றபோது, "பைகளை யாராவது பார்த்துக்கணுமே" என்று ஒரு பேச்சு வந்தது. யாரும் அவரைக் கேட்கவில்லை. அவராகவே உட்கார்ந்துகொண்டார்.

"மூணு மணி நேரம். பாறையையும் பார்த்தேன், பையையும் பார்த்தேன். அன்னிக்கு அது வருத்தமாக்கூடத் தெரியலை. அதுதான் இப்போ வருத்தமா இருக்கு."

போன ஆகஸ்ட்டில் அடிக்கடி தலை சுற்றியதால் டாக்டரிடம் போனார். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. மாதாமாதம் ஏற்பட்ட அதிக ரத்தப்போக்கால் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியிருந்தது. ரத்தச்சோகையைச் சரிசெய்துகொண்டு, ஆபரேஷனைத் தள்ளிப்போடாமல் செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். முதலில் 'தீபாவளித் தையல் முடியட்டும்' என்று தள்ளிப்போட்டார். பிறகு நாத்தனார் மகள் கல்யாணம். அதன் பிறகு மகனின் அரையாண்டுத் தேர்வு. டிசம்பரும் வந்துவிட்டது.

இது அவர் ஒருவரின் கதையல்ல. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்று (2019-21), தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் சுமார் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தச்சோகை இருப்பதாகச் சொல்கிறது. 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். பெண்களுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் அதிலேயே போய்விடுகிறது. டாக்டரைப் பார்க்கும் நேரத்தை எங்கிருந்து எடுப்பது?

"எல்லாரும் சேர்ந்து போகலாமே!"

டிசம்பர் 28 இரவு சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தார். "ஒரு நாள் கன்னியாகுமரி போயிட்டு வரேன். நான் மட்டும்."

"தனியா எதுக்கு? பொங்கல் லீவுல எல்லாரும் சேர்ந்து போகலாமே" என்றார் கணவர்.

"எல்லாரும் போனா அங்கேயும் நான்தாங்க சாப்பாடு கட்டணும், பையைப் பார்க்கணும்."

அதில் கோபம் இல்லை. அதனாலேயே கணவருக்குப் பதில் சொல்ல வரவில்லை. எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமியார், "போயிட்டு வரட்டும்டா. ஒரு நாளைக்கு நீ உலை வச்சா கையா தேஞ்சிரும்?" என்றார் மகனிடம். பிறகு மருமகளைப் பார்த்து, "வரும்போது அந்த அரிசி மண்ணு ஒரு பொட்டலம் வாங்கிட்டு வா தாயி" என்றார்.

டிசம்பர் 31 மதியம் கிளம்பி, திருநெல்வேலியில் பஸ் மாறினார். ஜன்னலோர சீட். வள்ளியூர் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய் வந்ததும் இரண்டு பக்கமும் காற்றாலைகள். அந்தக் காற்றில் கண்ணை மூடிக்கொண்டு வந்ததாகச் சொல்கிறார். நாகர்கோவிலில் இறங்கி, கன்னியாகுமரிக்கு டவுன் பஸ்.

லாட்ஜ் வரவேற்பில் இருந்தவர் ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "கூட யாரும்மா வர்றாங்க?" என்று கேட்டார். "யாரும் வரலை" என்றார். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். மகள் போனிலேயே அறையை பதிவுசெய்து பணமும் கட்டியிருந்ததால் சாவி கிடைத்தது. இரவு 11 மணிக்குள் வீட்டிலிருந்து நான்கு அழைப்புகள். மாவு எங்கே, மாத்திரை எங்கே, கேஸ் சிலிண்டர் புக் பண்ணியாச்சா, சின்ன டம்ளர் எங்கே? ஐந்தாவது அழைப்பு வரும்முன் போனை அணைத்துவிட்டுத் தூங்கினார்.

காத்திருந்த அம்மன்

விடியற்காலையில் முதலில் போனது பகவதி அம்மன் கோயிலுக்கு. இந்த ஊருக்குப் பெயர் தந்த குமரி, கல்யாணம் ஆகாத தெய்வம். சுசீந்திரம் தாணுமாலயனுக்கும் அவளுக்கும் திருமணம் நிச்சயமானது. கன்னிப்பெண்ணால் மட்டுமே பாணாசுரனுக்கு மரணம் என்பதால், நாரதர் சேவலாகக் கூவி, விடிந்துவிட்டது என்று மாப்பிள்ளையைத் திரும்பிப்போக வைத்தார். சமைக்க வைத்திருந்த அரிசியும் தானியங்களும் அப்படியே மண்ணாக மாறின என்பது தலபுராணம். கடற்கரையில் பொட்டலமாக விற்கும் வண்ண மணலின் கதை இதுதான். இங்கே மணலில் கலந்திருக்கும் கார்னெட் சிவப்பையும், இல்மனைட் கறுப்பையும் தருகின்றன.

அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் திசை மாறியதாகவும், அதனாலேயே கடலைப் பார்த்த கிழக்கு வாசல் அடைக்கப்பட்டதாகவும் சொல்வார்கள். குறிப்பிட்ட சில நாள்களில் மட்டுமே அது திறக்கும்.

"சின்ன வயசுல இந்தக் கதையைக் கேட்டப்போ, 'பாவம், கல்யாணம் நின்னுபோச்சே'ன்னு தோணும். இன்னிக்கு சந்நிதியில நின்னப்போ பாவமாவே தெரியலை. கம்பீரமா நிக்கிறா" என்கிறார்.

ஆறரை மணியை ஒட்டிக் கீழ்வானம் சிவந்தது. ஆனால், அடிவானத்தில் மேகம். கூட்டத்தில் சலிப்புக் குரல்கள். பத்து நிமிடம் கழித்து மேகத்தின் மேல் விளிம்பில் சூரியன் எட்டிப் பார்த்ததும் கரை முழுக்க ஒரே சத்தம். எல்லாக் கைகளிலும் செல்போன். இவர் போனை எடுக்கவில்லை. "எடுத்தா யாருக்காவது அனுப்பணும். அனுப்பினா யாராவது கூப்பிடுவாங்க."

பாறைக்குப் போன படகு

படகுத்துறையில் நீண்ட வரிசை. பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகு கிளம்பிய சில நிமிடங்களில் பாறை வந்துவிடுகிறது. 11 வருடங்களுக்கு முன் மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்த தூரம் இவ்வளவுதான்.

1892 டிசம்பர் கடைசியில் நாடு முழுக்கச் சுற்றிக் களைத்து வந்த விவேகானந்தர் இந்தப் பாறையில் மூன்று நாள்கள் தியானத்தில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 29. அடுத்த வருடம்தான் சிகாகோ. ஊருக்கு உழைக்கப் புறப்படும் முன், அவரும் ஒரு வருடக் கடைசியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். நினைவு மண்டபம் 1970-ல் திறக்கப்பட்டது. அதற்கு எதிரே, தேவி ஒற்றைக்காலில் தவம் செய்த பாதச்சுவடு என்று வணங்கப்படும் ஸ்ரீபாத மண்டபம் இருக்கிறது.

மண்டபத்துப் படிகளில் ஏறும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. இரண்டு முறை உட்கார்ந்தார். பின்னால் வந்த ஒரு பாட்டி, "என்னம்மா, என்னைவிட சின்னப் பொண்ணு நீ..." என்று சொல்லிவிட்டுக் கடந்து போனார். "அப்பதான் சுருக்குனு இருந்துச்சு. வீட்டுல மூச்சு வாங்கினா வேலையில தெரியாது. இங்கே வேற வேலையே இல்லையா... உடம்பு பேசுறது நல்லாக் கேட்டுச்சு."

தியான மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். தியானமெல்லாம் வரவில்லை. மாவு, மாத்திரை, பொங்கலுக்குத் தைக்க வேண்டிய 40 பிளவுஸ் என்று வரிசையாக மனதில் ஓடின. பிறகு அவையும் ஓய்ந்தன.

பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்கு நடந்தே போகலாம். முன்பெல்லாம் கடல் சீற்றத்தாலோ, நீர்மட்டம் குறைந்தாலோ சிலைக்குப் படகு நின்றுவிடும். 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்ட, 77 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட கண்ணாடிப் பாலம் அந்தக் குறையைத் தீர்த்துவிட்டது. காலடியில் அலை புரள, கைப்பிடியைப் பிடித்தபடி மெல்ல நடந்தார்.

கணபதி ஸ்தபதி உருவாக்கிய இந்தச் சிலை திறக்கப்பட்டதும் ஒரு புத்தாண்டு நாளில்தான், 2000 ஜனவரி 1. மொத்த உயரம் 133 அடி, குறளின் 133 அதிகாரங்கள். இதில் பீடம் 38 அடி, அறத்துப்பாலின் அதிகாரங்கள். மேலே சிலை 95 அடி, பொருளும் இன்பமும் சேர்ந்த கணக்கு. அறம்தான் அடித்தளம், சந்தேகமில்லை. ஆனால், வள்ளுவர் பீடத்தோடு நிறுத்திவிடவில்லை. இன்பத்துக்கும் அந்த உயரத்தில் பங்கு இருக்கிறது. பொருட்பாலில், 95-வது அதிகாரத்தின் பெயர் 'மருந்து'.

சிலையின் உள்ளே படியேறினால் வள்ளுவரின் பாதம் வரை போகலாம். அவர் ஏறவில்லை. "ஆபரேஷன் முடிஞ்சு, உடம்பு தேறினப்புறம் வரேன்" என்று கீழே நின்றே கும்பிட்டார்.

இந்த முறையும் பை

மதியம் கரைக்குத் திரும்பியபோது படகுத்துறைக்கு வெளியே நிழலில் ஓர் இளம்பெண் ஏழெட்டுப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். குடும்பம் பாறைக்குப் போயிருக்கிறது.

"நீ போகலையாம்மா?"

"பையைப் பார்த்துக்கணுமே அக்கா..."

இவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "நான் பார்த்துக்கறேன். நீ போய் கடல்ல காலாவது நனைச்சிட்டு வா." முன்பின் தெரியாதவரிடம் பைகளைக் கொடுப்பதா என்று அந்தப் பெண் யோசித்தார். பிறகு கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே போனார். கால் மணி நேரத்தில் முழங்கால் வரை நனைந்த சேலையோடு வந்து, "தேங்க்ஸ்க்கா" என்றார்.

"இன்னொருத்தங்களுக்காக உட்கார்றது எனக்குப் பிடிக்கும். அதை விட்டுர மாட்டேன். ஆனா, அன்னிக்கு உட்கார்ந்ததுக்கும் இன்னிக்கு உட்கார்ந்ததுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?" என்கிறார்.

மாலை பஸ் ஏறும் முன் வீட்டுக்கு போன் செய்தார். மகன் எடுத்தான். "அம்மா, அப்பா சாம்பார் வச்சாரு. சாப்பிடலாம்" என்றான். அடுத்த அழைப்பு, துணி கொடுத்திருந்த வாடிக்கையாளருக்கு. ஜனவரி 8-க்குப் பிறகு ஆர்டர் எடுப்பதில்லை என்றும், பொங்கல் முடிந்ததும் ஆபரேஷன் என்றும் சொன்னார். பொங்கல் வருமானத்தில் பாதி போய்விடும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்த கணக்கு இடிக்கும். அதற்கு வழி இனிமேல்தான் பார்க்க வேண்டும்.

இரவு வீடு திரும்பியபோது மாமியார் விழித்திருந்தார். வண்ண மணல் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டி, விளக்கு வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். "எனக்கெல்லாம் இப்படிப் போகணும்னு தோணவே இல்ல பாரு" என்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "ஆஸ்பத்திரிக்கு என்னிக்குப் போகணும் தாயி? நானும் கூட வரேன்" என்றார்.

நீங்களும் கிளம்புகிறீர்களா?

* நவம்பர் முதல் ஜனவரி நடுப்பகுதி வரை ஐயப்ப சீசன். அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். அடையாள அட்டை அவசியம்.

* பாறைக்கான படகுகள் வழக்கமாகக் காலை 8 மணிக்குத் தொடங்கும். கடல் சீற்றமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். விசாரித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

* கூட்டம் பிடிக்காதவர்களுக்கு, சுமார் 6 கி.மீ தொலைவில் கடலோரத்தில் வட்டக்கோட்டை இருக்கிறது. சுசீந்திரம் கோயில் சுமார் 12 கி.மீ.

* குளிர்கால மாதங்களில் சூரிய அஸ்தமனமும் கடலிலேயே தெரியும். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம்.

* தனியாகச் செல்லும் பெண்கள் 181 (பெண்கள் உதவி எண்), 112 (அவசர உதவி) இரண்டையும் போனில் பதிந்துகொள்ளுங்கள். தங்கும் இடத்தை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

* கையில் ஒரே ஒரு பை போதும்.