அண்ணன் வயலும் நம் வயலும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நேயர்களுக்கு ஆண்டாள் கோயில் கோபுரமும், அதற்கு அடுத்தபடியாகப் பால்கோவாவும் ஞாபகத்துக்கு வரும். நமக்கு மட்டும் புளிப்பு ஞாபகத்துக்கு வருகிறது. பால்கோவாவின் மீது குற்றமில்லை. விஷயம் மண்ணைப் பற்றியது.

இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் நம் தகப்பனார் இரண்டு துண்டு நிலம் வைத்துவிட்டுப் போனார். பாகப் பிரிவினையில் மலையடிவாரத்துச் செவ்வல் அண்ணனுக்கும், கண்மாயை ஒட்டிய கரிசல் நமக்கும் வந்தன. இரண்டிலும் கரும்புதான். சில வருஷங்களாக அண்ணன் வயலில் கரும்பு எழும்பவில்லை. கோயமுத்தூர் ஆராய்ச்சி நிலையத்தின் நல்ல ரகமான கோ 86032 நட்டும் தூர் கட்டவில்லை. பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாய்ப் பருத்து நின்றது. "அப்பா உனக்கு மண்ணைக் கொடுத்தார்; எனக்கு மண்ணாங்கட்டியைக் கொடுத்தார்" என்று ஒரு நாள் அண்ணன் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு பொங்கலுக்குக்கூட நம் வீட்டுப் படி ஏறவில்லை.

அந்த வருஷமே நம் வயலிலும் கரும்பு மஞ்சள் பூத்தது. "மண் புளித்துவிட்டது, சுண்ணாம்பு போடுங்கள்" என்று ஊரில் பெரியவர் ஒருவர் யோசனை சொன்னார். நம் விருதுநகர் ஜில்லாவில் சுண்ணாம்புக் கல்லுக்கா பஞ்சம்? பந்தல்குடிப் பக்கத்தில் வெட்டி எடுக்கிறார்களே! அண்ணனுக்கு ஒரு லோடு, நமக்கு ஒரு லோடு என்று சுண்ணாம்புக்கல் தூளுக்குச் சொல்லிவிட்டோம். சமாதானக் காணிக்கையாகவும் இருக்கட்டும் என்று எண்ணம்.

நல்ல வேளையாக, விவசாய இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் குறுக்கிட்டார். "நாடி பார்க்காமல் மருந்தா? முதலில் மண்ணைப் பரீட்சை செய்யுங்கள்" என்றார். அவர் சொற்படி, வரப்பையும் மர நிழலையும் எருக்குவியலையும் விலக்கி, ஒவ்வொரு வயலிலும் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஒன்பது அங்குல ஆழத்துக்கு வெட்டி எடுத்த மண்ணைக் கலந்து, அரைக் கிலோ வீதம் தனித்தனியே பரிசோதனைக்கு அனுப்பினோம்.

முடிவைப் பார்த்துத் திகைத்துப்போனோம். மண்ணின் கார அமிலத் தன்மையை அளக்கும் அளவுகோலில் 7 என்பது நடுநிலை, கரும்புக்கு 6.5 முதல் 7.5 வரை உத்தமம். அண்ணன் வயல் 5.2, நம் வயல் 8.3! இந்த அளவில் ஒரு எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு ஏறுகிறது என்று அர்த்தம். அவ்வளவு புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும். மணிச்சத்தும் பயிருக்கு எட்டாமல் மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கும். நம் வயலிலோ நேர் விரோதமான வியாதி. காரம் மிகுந்ததால் இரும்புச் சத்து கிடைக்காமல், இளங்குருத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்க வெளுத்திருந்தது. அதில் சுண்ணாம்பைக் கொட்டியிருந்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். நமக்கு வேண்டியது நூறு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ அன்னபேதி கரைத்துத் தெளிப்பது.

"அண்ணன் நிலம் ஏன் புளித்தது?" என்று நண்பரைக் கேட்டோம். வருஷா வருஷம் மூட்டை மூட்டையாக அம்மோனியம் சல்பேட்டும் யூரியாவும் போட்டதுதான் முக்கிய காரணம் என்றார். அந்த உரங்கள் மண்ணில் மாறும்போது அமிலம் பிறக்கிறது; வெட்டிச் செல்லும் கரும்போடு சுண்ணாம்புச் சத்தும் போய்விடுகிறது. அதே மூட்டைகளை நாமும்தான் போட்டோம். ஆனால் கரிசலில் இயற்கையாகவே கிடந்த சுண்ணாம்பு அந்த அமிலத்தை விழுங்கிவிட்டது. அப்பா வஞ்சகம் செய்யவில்லை. நம்முடைய சாமர்த்தியமும் அதில் ஒன்றுமில்லை.

காகிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனோம். இரண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசவில்லை.

ஐப்பசியில், மழைக்கு முன்பாக, சிபாரிசு செய்த அளவுக்குத் தூளை அண்ணன் வயலில் தூவி உழுதோம். நீற்றிய சுண்ணாம்பாக இருந்தால் நூறு கிலோ தூளுக்குப் பதில் எழுபத்து நாலு கிலோ போதும். ஆனால் கைகால் வெந்துபோகும். ஜிப்சத்தால் புளிப்பு போகாது. அது களர் நிலத்துக்கு மருந்து. உரத்தோடு சேர்த்துப் போடாமல், தொழு உரம் மட்டும் கொடுத்து, தை மாதத்தில் கரணை நட்டோம்.

வியாதி ஒரே வருஷத்தில் தீர்ந்துவிடவில்லை. ஆனால் தூர் கட்டியது. அடுத்த பொங்கலன்று காலையில் அண்ணன் இரண்டு கரும்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு நம் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அப்பா கொடுத்த மண்ணில் விளைந்தது. கடித்துப் பார்" என்றார்.

ஆலைக் கரும்பு பல்லுக்குப் பரம விரோதி. ஆனாலும் கடித்தோம்.