சுப்பீரியர் ஏரிக்குப் போகுமுன் ட்ரெய்லர் ரயரை ஒருக்கா தடவிப் பாருங்கோ

கோடை வந்தால் ரொறொன்ரோவிலிருந்து வடக்கே போகும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது கூடிவிட்டன. முன்பு கூடாரம், இப்போது ட்ரெய்லர். அம்மம்மாவுக்குக் கட்டில், பிள்ளைகளுக்கு பங்க் பெட், நமக்கு அடுப்பு. சுப்பீரியர் ஏரிக்கரையில் அகாவா பே முகாம் வரை போய்ப் பாருங்கோ. கடல் எண்டுதான் நினைப்பீர்கள். அலை வரும், அக்கரை தெரியாது, தண்ணீர் மட்டும் உப்பில்லை.

ஆனால் அது நீண்ட பாதை. சட்பரி வரை ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அங்கே 1964இல் வைத்த ஒன்பது மீற்றர் உயர நிக்கல் காசுக்கு முன் பிள்ளைகள் படம் எடுப்பார்கள். சட்பரியிலிருந்து சூ செயின்ற் மேரி இன்னும் 300. அதற்குப் பிறகு 17ஆம் நெடுஞ்சாலை ஏரியை ஒட்டி மலை ஏறி இறங்கும். வாவா வரை 225 கிலோமீற்றர். நடுவில் ஊர்கள் குறைவு, பல இடங்களில் போன் சிக்னல் இல்லை. அந்தத் துண்டில் ரயர் வெடித்தால் உதவி வர மணிக்கணக்காகும். வெடிக்கும் ரயரின் கிழிந்த ரப்பர் சக்கரத்துக்கு மேலுள்ள தரையையும் குழாய்களையும் அடித்து உடைத்துவிடும்.

நல்ல விஷயம் என்னவெண்டால், பல ரயர்கள் வெடிக்க முதலே தேய்மானத்தில் சேதி சொல்லிவிடும். எங்கட வேலையில் சேர்வர் விழுந்தால் முதலில் லாக் ஃபைலைத்தான் பார்ப்போம். ட்ரெய்லருக்கு லாக் ஃபைல் ரயரின் முகம்தான்.

எங்கே தேய்ந்திருக்கிறது?

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால், சுமக்கிற பாரத்துக்குக் காற்று கூட. இரண்டு விளிம்பும் தேய்ந்து நடு உயரமாக இருந்தால், காற்றுக் குறைவு அல்லது பாரம் கூட. ட்ரெய்லரில் அதிகம் பயப்பட வேண்டியது இதற்குத்தான். காற்றுக் குறைந்த ரயர் ஓடும்போது மடிந்து மடிந்து சூடேறும், அந்தச் சூடுதான் உள்ளே இருக்கும் அடுக்குகளைப் பிரிக்கும்.

ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரம் நேராக நிற்கவில்லை. அச்சு வளைந்திருக்கலாம், ஸ்பிரிங் புஷ் தேய்ந்திருக்கலாம். பாரம் கூடினால் அச்சின் நடு கீழே தொய்யும், சக்கரத்தின் மேற்பக்கம் உள்ளே சாயும், உள்விளிம்பு தேயும். குனிந்து பார்க்காவிட்டால் உள்விளிம்பு கண்ணில் படாது.

கையால் குறுக்கே தடவும்போது ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் வாள்பல் போல உரசினால், சக்கரம் பக்கவாட்டில் இழுபட்டு ஓடுகிறது. சுற்றிவர மேடும் பள்ளமுமாக அலை அலையாக இருந்தால், பலன்ஸ் இல்லை, அல்லது பெயரிங் தளர்ந்திருக்கிறது.

இரட்டை அச்சு வண்டிகளுக்கு இன்னொன்று. முகாமில் இறுக்கமாக மடக்கிப் பின்னால் தள்ளும்போது ரயர்கள் பக்கவாட்டில் அரைபடும். முடிந்தவரை அகலமாக வளைத்து எடுங்கோ.

அகாவாவில் பார்த்தது

போன கோடையில் எங்களோடு வந்த ஒரு குடும்பத்தின் வண்டியில், வலது பின் ரயரின் உள்விளிம்பில் கம்பி தெரிந்தது. வெளிப்பக்கம் புதுசு போலவே இருந்தது. சமையலறை, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தாங்கி எல்லாம் வலது பக்கம். அதற்கு மேல் இருபது கிலோ அரிசி, பெரிய சட்டிகள், இறைச்சி நிரப்பிய கூலர். ஸ்பெயர் ரயரை மாட்டி, பாரத்தைக் குறைத்து, மெதுவாக வாவா போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அளந்து பார்த்தபோது பின் அச்சு வளைந்திருந்தது. ரயரை மட்டும் மாற்றியிருந்தால் புதுசும் அதே மாதிரித்தான் போயிருக்கும்.

இதை வீட்டு வாசலிலேயே ஓரளவு பார்க்கலாம். சமதரையில், டேப்பால், கொளுக்கியின் நடுவிலிருந்து முன் அச்சின் இரு முனைகளுக்கும் அளவு எடுங்கோ. மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அச்சு வேலை தெரிந்த கடைக்குக் கொண்டுபோங்கோ. சாதாரண கார் அலைன்மென்ற் செய்யும் எல்லாக் கடையும் இதைச் செய்யாது.

போகுமுன்

காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பாருங்கோ. எவ்வளவு வேண்டும் எண்டு ட்ரெய்லரின் இடப்பக்க முன்புற ஸ்ரிக்கரில் இருக்கும், கார்க் கதவில் உள்ள இலக்கம் இதற்கு உதவாது. 65 பி.எஸ்.ஐ. ரயரில் வெப்பநிலை பத்து டிகிரி இறங்கினால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறையும். ஏரிக்கரையில் ஜூலைக் காலையும் குளிரும், அங்கேயும் ஒருக்கா அளவுங்கோ.

எல்லாம் ஏற்றிய பிறகு லொறிகள் நிறுக்கும் தராசில் வண்டியை நிறுங்கோ. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லீற்றர் தாங்கியை வீட்டிலேயே நிரப்பினால், இரண்டு பெரிய ஆட்களை வழி முழுக்கச் சும்மா ஏற்றிப் போவதற்குச் சமம். கொளுக்கியில் மொத்த எடையின் பத்து முதல் பதினைந்து வீதம் இருக்கட்டும். வண்டி முன்னுக்குக் குனியாமல் மட்டமாக நிற்க வேணும், இல்லாவிட்டால் முன் அச்சு கூடச் சுமக்கும்.

பல ட்ரெய்லர் ரயர்கள் மணிக்கு 105 கிலோமீற்றருக்கு மேல் ஓடச் செய்யப்பட்டவை அல்ல. 400இல் பின்னால் வருகிறவர் அவசரப்பட்டால் அவர் முந்திப் போகட்டும். சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், முதல் 80 கிலோமீற்றருக்குள் நட்டுகளைத் திரும்ப இறுக்குங்கோ. பெற்றோல் அடிக்க நிற்கும்போது சக்கரத்தின் நடுவுக்குக் கிட்டக் கையைக் கொண்டுபோங்கோ. ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சுட்டால் பெயரிங்கையோ பிரேக்கையோ பார்க்க வேணும்.

இந்த வேலைக்குப் பிள்ளைகளையும் கூட்டுங்கோ. ரயரின் பக்கத்தில் டி.ஓ.டி. எழுத்துகளுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கோ. 2321 எண்டால் 2021ஆம் ஆண்டு, 23ஆம் வாரம் செய்தது. ட்ரெய்லர் ரயர் தேய்வதற்கு முன்பே வயது போய்விடும், ஐந்தாறு வருடம் தாண்டினால் மாற்றுவது நல்லது. வாசித்து முடிந்ததும் நடு, விளிம்பு, உள்பக்கம், அலை எண்டு தமிழிலேயே தடவிச் சொல்லட்டும். பத்து நிமிட வேலைதான்.