தகரம் யாருக்குச் சொந்தம்?

சூரியநெல்லியின் தேயிலைச் சரிவுகளில் மே மாதக் கடைசியில் ஆண்டுதோறும் ஒரே வேலை நடக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைகளில் லயங்களின் தகரக் கூரைமீது ஆட்கள் ஏறுகிறார்கள். துருவேறிய இடங்களில் தார் பூசுகிறார்கள். ஆணித் துளைகளை எம்-சீல் வைத்து அடைக்கிறார்கள். அதற்கும் அடங்காத இடத்தில் நீலத் தார்ப்பாயை விரித்து, காற்று கொண்டுபோகாதபடி கல்லும் பழைய டயரும் மண் நிரப்பிய சாக்கும் வைக்கிறார்கள். கொழுக்குமலைக்கு ஜீப்பில் செல்லும் பயணிகள் அந்த நீலத்தைப் பச்சையின் நடுவே ஓர் அழகாகக்கூடப் படம் பிடித்துச் செல்வதுண்டு.

ஆறு அறைகள் கொண்ட அத்தகைய ஒரு லயத்தின் மூன்றாம் அறையில் ஒரு பெண் வசிக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழுந்து பறிப்பவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கின்றன. கணவர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் நிறுவனமொன்றில் வேலை செய்கிறார். மூன்று மழைக்காலங்களாக அவருடைய அடுப்படியில் கூரை ஒழுகுகிறது. அடுப்புக்கு அருகில் ஒரு வாளி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு குண்டான், சுவரோரம் ஒரு பழைய பெயிண்ட் டப்பா என்று பாத்திரங்களுக்கு நிரந்தர இடங்கள் அமைந்துவிட்டன. இரவில் எந்தப் பாத்திரம் நிரம்பியிருக்கிறது என்பதைச் சொட்டும் ஓசையைக் கொண்டே அவர் அறிந்துகொள்கிறார்.

இந்த ஆண்டு ஒழுகலைச் சரிசெய்துவிடுவதென்று அவர் முடிவு செய்தார். அந்த முடிவு எளிதானதாகத் தோன்றும். லயத்தின் கூரையை அறிந்தவர்களுக்கு அது அவ்வளவு எளிதன்று.

லயத்தில் சுவர்கள் ஆறு குடும்பங்களைப் பிரிக்கின்றன; கூரையோ ஒன்றே. முகட்டிலிருந்து இறவாணம் வரை நெளித்தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நீளமாகச் செல்கின்றன. ஒரு தகரத்தின் பக்கவாட்டு விளிம்பு அடுத்ததன் மீது ஒன்றரை நெளியாவது ஏறியிருக்க வேண்டும். ஆணி நெளியின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் இறங்கக் கூடாது. பள்ளம் நீர் ஓடும் வழி. பல ஆண்டுகளாக வெவ்வேறு கைகள் வெவ்வேறு அவசரங்களில் அறைந்த ஆணிகள் இந்த விதியை மதிக்கவில்லை. துத்தநாகப் பூச்சு உரிந்த இடத்தில் துரு பிடிக்கிறது. விறகடுப்பின் புகையும் ஈரமும் உட்புறத்திலிருந்து தகரத்தைத் தின்கின்றன. மார்கழிக் குளிரில், மழையே இல்லாத விடியலில்கூட, சமையலின் ஆவி தகரத்தின் அடியில் குளிர்ந்து சொட்டும். மூன்றாம் அறையில் விழும் நீர் உண்மையில் நான்காம் அறைக்கு மேலே உள்ள ஒரு துளையில் நுழைந்து, ரீப்பர் கட்டை வழியே நகர்ந்து வந்து விழுவது. தன் ஒழுகலைத் தன் கூரையில் மட்டும் எவரும் சரிசெய்ய இயலாது. பக்கத்து வீட்டின் சம்மதமும் பணமும் வேண்டும்.

இந்தக் குடியிருப்பின் பெயரையே சற்று நின்று கவனிக்கலாம். 'லயம்' என்பது ஆங்கில 'லைன்' என்பதிலிருந்து வந்தது என்பதே பொதுவான கருத்து. இலங்கையின் மலையகத்தில் 'லயன்' என்ற வடிவமும் வழங்குகிறது. தமிழ்க் காதுக்கு அது இசையின் லயத்தை நினைவூட்டுகிறது. 'ஆலயம்' என்ற சொல்லின் வாலாகவும் ஒலிக்கிறது. குதிரைகள் கட்டும் 'லாயத்தை'யும் தொட்டுச் செல்கிறது. ஒலியொப்புமை வேறு, சொற்பிறப்பு வேறு என்பது மொழியியலின் முதற்பாடம். எனினும் மூலச்சொல்லின் பொருள் தெளிவானது: வரிசை. ஆட்களை வரிசையாக நிறுத்தி வைக்கும் ஓர் ஏற்பாட்டின் பெயர் அது. அதில் வீடு இல்லை. தொழிலாளர்களின் பேச்சும் இதனை நுட்பமாக அறிந்திருக்கிறது. "வீடு கட்டணும்" என்று அவர்கள் சொல்லும்போது அந்த வீடு எப்போதும் வேறெங்கோ இருக்கிறது. போடிநாயக்கனூர்ப் பக்கத்திலோ, தேனியிலோ, தென்காசிக்கு அருகிலோ. பிறந்து வளர்ந்து பேரன் கண்ட இடத்துக்குப் பெயர் லயம்.

கூரை யாருடைய பொறுப்பு என்பதில் சட்டத்துக்கு ஐயமில்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்துக்கும் வேண்டிய வீட்டு வசதியை அளிப்பதையும் பராமரிப்பதையும் முதலாளியின் கடமையாக்கியது. அளித்தல், பராமரித்தல் என்னும் இரண்டு வினைகளும் அங்கே உள்ளன. 1981ஆம் ஆண்டின் திருத்தம் மேலும் ஒரு படி சென்றது: அவ்வாறு அளிக்கப்பட்ட வீடு இடிந்து தொழிலாளரோ குடும்பத்தினரோ இறந்தால் அல்லது காயமுற்றால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். ஆனால் இரண்டு விதிவிலக்குகள் உண்டு. இடிவுக்கு முழுக் காரணமும் குடியிருப்பவரின் தவறாக இருந்தாலோ, இயற்கைப் பேரிடராக இருந்தாலோ இழப்பீடு இல்லை. 2020இல் நிறைவேறிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் வீட்டுக் கடமையைக் கைவிடவில்லை.

அந்த இரண்டு விதிவிலக்குகளுக்கு நடுவேதான் மூன்றாம் அறை நிற்கிறது. மழை இயற்கை, துருப்பிடித்த தகரம் இயற்கையன்று. இரண்டும் சேர்ந்து ஒரு சுவரை நனைத்துச் சாய்த்தால் எது காரணம்? மனு கொடுத்துக் காத்திருந்து சலித்த ஒருவர் தாமே ஆள் வைத்துத் தகரத்தைக் கழற்றி மாட்டி, பிறகு ஏதேனும் நேர்ந்தால், அது குடியிருப்பவரின் தவறாகிவிடுமா? தன் தலைக்குமேல் உள்ள ஓட்டையை அடைப்பதற்கு முன் ஒருவர் இத்தனையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தோட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வாதம் உண்டு. தேயிலை விலை செலவுக்கு ஈடாக ஏறவில்லை, பழைய லயங்களைப் பழுதுபார்ப்பதில் பணம் கரைகிறது என்பர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கூரையைத் தாங்கும் மரச்சட்டங்களே உளுத்துவிட்ட இடத்தில் புதுத் தகரம் மாட்டுவதால் மட்டும் பயனில்லை. ஆனால் அந்தச் செலவைக் கணக்கிலிருந்து நீக்கினால் அது மறைந்துவிடுவதில்லை. மஸ்டரிலிருந்து திரும்பும் பெண்ணின் வாளியில் வந்து சொட்டுகிறது. 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைமைகளையும் மீறி மூணாற்றுச் சாலையில் அமர்ந்த 'பெண்பிள்ளை ஒருமை'யின் முதன்மைக் கோரிக்கைகள் போனசும் கூலியும்தான். எனினும் அன்று அவர்கள் விவரித்த வாழ்க்கையில் ஒற்றை அறையும் ஒழுகும் கூரையும் நீங்காமல் இருந்தன.

மூன்றாம் அறைப் பெண்ணுக்கும் அவருடைய மகனுக்கும் தொலைபேசியில் நடந்த பேச்சில் இந்தச் சிக்கல் முழுவதும் அடங்கியிருந்தது.

"ரெண்டு வருசத்துல காலி பண்ணப் போற எடத்துக்கு எதுக்கும்மா காசு? கம்பெனிக்காரனுக்கு நாம கூரை போட்டுக் குடுக்கணுமா?"

"ரெண்டு வருசமும் நான் நனையணுமாடா?"

மகன் சொன்னதில் கணக்குப் பிழை இல்லை. லயம் வேலையோடு பிணைந்தது. வேலை முடிந்தால் அறையும் முடிகிறது. அறையைக் காலி செய்த பிறகே பணிக்கொடை கைக்கு வரும் என்பது பல தோட்டங்களின் நடைமுறை. அறையைத் தக்கவைக்க ஒரே வழி, குடும்பத்தில் இன்னொருவர் தோட்டத்தில் பெயர் பதிவது. படித்த பிள்ளை கூடை தூக்கியதும், வெளியூரில் வாழ்ந்த மருமகள் மலையேறி வந்ததும் இந்தக் காரணத்தால்தான் என்று சொல்லக்கூடிய குடும்பங்கள் இங்கே ஒவ்வொரு லயத்திலும் உண்டு. கூலிக்காக வேலை செய்வது ஒன்று. கூரைக்காக வேலை செய்வது வேறொன்று. திருப்பூர் மகன் அந்தப் பிணைப்பை அறுத்துக்கொண்டு போனவர். தாயின் கூரைக்குப் பணம் அனுப்புவது தன்னை மீண்டும் அந்த வரிசையில் நிறுத்துவதாக அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

தாயின் சொல்லிலும் பிழை இல்லை. நனைதல் உடைமையைப் பார்த்து நிகழ்வதன்று.

கூரை எவ்வளவுதான் உறுதியாக இருந்தாலும் அதனால் காக்க இயலாதவையும் உண்டு என்பதை இந்த மலை அறியும். 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு இராஜமலைக்கு அருகில் பெட்டிமுடியில் மண் சரிந்து நான்கு லயங்களை மூடியது. கண்டெடுக்கப்படாதவர்களையும் சேர்த்து எழுபது பேர் மறைந்தனர். மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்றுப்போயிருந்ததால் செய்தி வெளியே வர விடியலாயிற்று. அங்கே தோற்றது தகரமன்று; லயம் நின்ற இடம். உயிர் தப்பிய குடும்பங்களில் எட்டுக்குக் குற்றியாறுவேலியில் அரசு நிலத்தில் வீடுகள் கட்டித் தரப்பட்டு, 2021இல் கையளிக்கப்பட்டன. வேலையோடு பிணைக்கப்படாத வீடு ஒரு தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்குக் கிடைக்க எத்தனை பெரிய இழப்பு நேர வேண்டியிருந்தது என்ற கேள்வி இன்னும் அடங்கவில்லை.

சூரியநெல்லிக்கு அருகிலேயே, அதே சின்னக்கானல் ஊராட்சியில், கூரைக்கு வேறொரு பொருளும் உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் அளித்து உருவாக்கப்பட்டது 301 காலனி. குடும்பங்களின் எண்ணிக்கையே ஊருக்குப் பெயராயிற்று. யானைகளின் வழியில் அமைந்த அந்த ஊரிலிருந்து பலர் வெளியேறிவிட்டனர். எஞ்சியோரில் சிலர் தங்கள் காங்கிரீட் வீட்டின் மேல்தளத்தில் தகரக் குடிசை போட்டு, இரவில் அங்கே ஏறி உறங்கினர். அரிசி தேடிக் கடைகளையும் வீடுகளையும் உடைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று பிடித்துப் பெரியாறு காட்டுக்குக் கொண்டுசென்றது நாடறிந்த செய்தி. அதற்காக எழுந்த விவாதங்களில் யானையின் வாழிடம் பற்றி நியாயமாகவே நிறையப் பேசப்பட்டது. கூரைக்குக் கீழே உறங்கும் வீட்டில் கூரைக்கு மேலே உறங்க நேர்ந்தவர்களின் வாழிடம் பற்றிப் பேசியது குறைவு.

ஆய்வுலகத்துக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் கட்டிய பங்களாக்கள் இன்று 'பாரம்பரியக் கட்டடங்கள்'. அவற்றின் கூரைகள் பழைய வடிவம் மாறாமல் புதுப்பிக்கப்படுகின்றன. அறைகள் வாடகைக்கு விடப்படுகின்றன. வரலாற்று நூல்களில் அவற்றின் படங்கள் உள்ளன. அதே காலத்தில், அதே மலையின் கல்லாலும் மரத்தாலும் கட்டப்பட்ட லயங்கள் வெறும் 'பழைய கட்டடங்கள்'. பாரம்பரியம் என்ற சொல் பங்களாவின் கூரையைக் காக்கிறது. பழமை என்ற சொல் லயத்தின் கூரையை இடிக்க வேண்டியதாக்குகிறது. லயங்களை அப்படியே காட்சிப்பொருளாகப் பாதுகாக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஒழுகும் அறையில் வாழ்பவரிடம் போய் அதன் வரலாற்று மதிப்பைச் சொல்வது கொடுமை. ஒரு நிலப்பகுதியின் வரலாற்றை எழுதுவோர் எந்தக் கூரையின் கீழ் அமர்ந்து எழுதுகிறார்கள் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

கடலுக்கு அப்பால், இதே சொல் வழங்கும் இலங்கை மலையகத்தில், இந்திய உதவியுடன் முன்பு கட்டப்பட்ட தோட்ட வீடுகள் ஒவ்வொன்றுக்கும் 7 பேர்ச் நிலம் என்பது ஏற்பாடாக இருந்தது. நம் கணக்கில் ஏறக்குறைய நாலரை செண்ட். அத்திட்டத்தின் வேகமும் அளவும் போதுமானவையா என்பது தனி விவாதம். ஆனால் அதன் அடிப்படை சரியானது: முதலில் நிலம், பிறகு கூரை. நிலமில்லாதவரின் கூரை எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது வேறொருவரின் கூரையே.

இறுதியில் மூன்றாம் அறையின் கூரை பழுதுபார்க்கப்பட்டது. மூன்று, நான்கு, ஐந்தாம் அறைகளின் குடும்பங்கள் சேர்ந்து பணம் போட்டன. மகனும் மறுநாளே ஒரு தொகை அனுப்பினார். அது பற்றி இருவரும் மேற்கொண்டு பேசிக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வந்து பழைய தகரங்களை இறக்கி, உளுத்த ரீப்பர்களில் இரண்டை மாற்றினார். புதுத் தகரத்தை ஆணியால் அறைய முற்பட்டபோது அந்தப் பெண் தடுத்து, ஆணி வேண்டாம், ஜே போல்ட் போட வேண்டும் என்றார். செலவு கூடுதலாகும் என்று ஆசாரி எச்சரித்தார்.

"ஆகட்டும் அண்ணாச்சி. ஆணின்னா அடிச்சது அடிச்சதுதான். போல்ட்டுன்னா நாளைக்குக் கழட்டிக்கலாம்ல? நான் போறப்ப எந் தகரத்த நான் எடுத்துட்டுப் போயிருவேன்."

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நான்காம் அறைக்காரப் பெண் சிரித்தார். "எடுத்துட்டுப் போங்க மதினி. எங்க அடுப்புல தண்ணி ஊத்திட்டுப் போங்க."

எல்லாரும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணும் சிரித்தார். தகரம் வாங்கிய ரசீதை மட்டும் வருங்கால வைப்புநிதித் தாள்கள் இருக்கும் பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்தார். முதல் மழை ஜூன் முதல் வாரத்தில் ஓர் இரவில் வந்தது. வாளியும் குண்டானும் பெயிண்ட் டப்பாவும் அவற்றின் இடங்களிலேயே இருந்தன. ஒன்றிலும் ஓசை இல்லை. அந்த அமைதிக்குப் பழகாததால் அவருக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.