கேட்க ஓர் ஆள்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டதும் கவிதை எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. அதற்கு நம் சிவில் பிரிவில் வேண்டிய அளவு ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் நண்பர்களே, நடந்ததையே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். ஆரணிப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் அப்பா மூட்டை தூக்குகிறார். அம்மாவுக்கு நடவு, களையெடுப்பு. டாக்டர், இன்ஜினியர், வாத்தியார், போலீஸ் - எங்களுக்குத் தெரிந்த உத்தியோகம் மொத்தம் நாலுதான். பத்தாவது முடிந்ததும் என்னை மில்லுக்கு அனுப்புவது என்று வீட்டில் பேச்சு ஆரம்பித்திருந்தது.

அந்தச் சமயம் எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு ஓர் ஆலோசகர் மேடம் வந்தார். வருடத்தில் ஒரே ஒரு நாள்! முதலில் எல்லோருக்கும் பொதுவாகப் பேசினார். பத்தாவதில் பெயிலானால் அதே வருடம் துணைத் தேர்வு உண்டு, ஒரு வருடம் வீணாகாது என்றார். பிறகு லட்சியத்தை எழுதச் சொன்னார். 'கலெக்டர்' என்று எழுதினேன். எல்லோரும் அதைத்தான் எழுதினோம்.

அப்புறம் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார்.

"சாயந்திரத்துல என்ன செய்வே தம்பி?"

"சைக்கிள் கடையில இருப்பேன் மேடம். பஞ்சர் ஒட்டுவேன், ரிம் கோட்டம் எடுப்பேன்."

"அதை எப்படி எடுக்கிறது?"

சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஓரத்தில் சாக்பீஸைப் பிடித்தால் எங்கே இடிக்கிறது என்று தெரியும், அந்தப் பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை இறுக்க வேண்டும் என்று பத்து நிமிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் பத்து நிமிடம் பேசவிட்டதில்லை. பத்தாவது பாஸானாலே மூன்று வருட டிப்ளமோ, மெக்கானிக்கல் என்று ஒரு பிரிவு, அதை முடித்தால் பி.இ.யில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம் என்றெல்லாம் அன்றுதான் கேள்விப்பட்டேன்.

கடைசியில், "ராத்திரி தூக்கம் வருதா?" என்றார். அழுதுவிட்டேன். மறுநாள் அப்பாவை வரச்சொல்லிப் போனில் பேசினார். "மூணு வருஷம்தானே, படிக்கட்டும்" என்று அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

என் பக்கத்து பெஞ்ச் நண்பன் அன்று சுவர் ஏறிக் குதித்துப் போய்விட்டான். 'கவுன்சிலிங் பைத்தியத்துக்குத்தான்' என்று ஒருத்தன் கிளப்பிவிட்டிருந்தான். நண்பன் கணக்கில் பெயில். துணைத் தேர்வு இருப்பது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் நான் பாஸாகிவிட்டு அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து, பாலிடெக்னிக் விண்ணப்பத்தோடு அலைந்துகொண்டிருந்தேன். அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான்.

இங்கே முதல் வருடம் எல்லாம் இங்கிலீஷ். இரண்டு அரியர் விழுந்தது. ஹாஸ்டலில் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன். அப்போதுதான் மேடம் போர்டில் எழுதிய 14417 ஞாபகம் வந்தது. 2018-ல் தமிழக அரசு தொடங்கிய கல்வி உதவி எண் அது. எதிர்முனையில் இருந்த அக்கா பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று கேட்டார், முழுசாகக் கேட்டுக்கொண்டார், எந்தப் பேப்பரை முதலில் எழுதலாம் என்று என்னையே யோசிக்க வைத்தார். பெட்டியைப் பிரித்தேன். மனசு சரியில்லை என்றால் கூப்பிட 14416-ம் இருக்கிறது, 2022-ல் வந்தது, காசு கிடையாது. ஹாஸ்டல் நண்பர்கள் குறித்துக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் என்னிடம் அனுப்புங்கள்.

போன பொங்கலுக்கு நண்பன் ஊருக்கு வந்திருந்தான். துணைத் தேர்வு விஷயத்தை அப்போதுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"ஏண்டா, இதை அப்பவே சொல்லலே?"

என்னிடம் பதில் இல்லை. தனித்தேர்வராக எழுதலாம் என்று விசாரித்து, அரசுத் தேர்வுகள் சேவை மையத்துக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போய் விண்ணப்பித்தோம். வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே இருக்கிறான். சனி ஞாயிறு நான் போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். இப்போது இயற்கணிதத்தில் இருக்கிறோம்.