ஏன் என்று கேட்ட பிள்ளைகளுக்கு

அரியலூரில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித்தருகிறவன் நான். எனக்கே புரியாத நகர்வுகளைப் பல வருடம் சொல்லித்தந்திருக்கிறேன்.

2200-க்கு மேல் ரேட்டிங் உள்ளவர்கள் 1952 முதல் ஆடிய ஆட்டங்கள் லிச்செஸ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு நகர்வுக்கும் வெற்றி, டிரா, தோல்வி சதவீதம் பக்கத்திலேயே இருக்கும். எதற்கு வெற்றிச் சதவீதம் அதிகமோ அதைப் பதினைந்தாவது நகர்வு வரை நோட்டில் எழுதி உருப்போடச் சொல்வேன். நாற்பதாவது நகர்வில் ஒருவர் செய்த தவறும் அந்தச் சதவீதத்தில்தான் சேர்கிறது என்பதை நான் யோசித்ததில்லை. பிள்ளைகள் மடமடவென ஒப்பிப்பதைப் பார்த்துப் பெற்றோர் அசந்துபோனார்கள். அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது. "ஏன் சார் குதிரை இங்க போகுது?" என்று கேட்டால், "பெரிய பிளேயருங்க அப்படித்தான் ஆடியிருக்காங்க" என்று வாயடைத்துவிடுவேன்.

செந்துறைப் பக்கமிருந்து பஸ்ஸில் வரும் ஒரு சிறுமி, மாவட்டப் போட்டியில் கருப்புக் காய்களோடு ரூய் லோபஸ் என்ற தொடக்க ஆட்டத்தை ஆடினாள். எதிராளி நாலாவது நகர்வில் பிஷப்பால் குதிரையை வெட்டினான். இவள் டி சிப்பாயால் பிஷப்பை வெட்டினாள். அடுத்து வெள்ளை காஸ்லிங் செய்யும் என்பது நோட்டில் இருந்தது. அவனோ குதிரையால் இ5 சிப்பாயை வெட்டிவிட்டான். ராணியை டி4-க்கு நகர்த்தினால் அந்தக் குதிரைக்கும் இ4 சிப்பாய்க்கும் ஒருசேரக் குறி விழும். போன சிப்பாய் திரும்பி வந்துவிடும். பெரிய ஆட்டக்காரர்கள் அந்தச் சிப்பாயைப் பெரும்பாலும் தொடாததற்கு அதுதான் காரணம். அவர்கள் அதிகம் ஆடாததால் நானும் காட்டவில்லை. சிப்பாய் போயிற்று என்று பதறி ஆடித் தோற்றாள். "யோசிச்சு ஆட மாட்டியா?" என்று எல்லார் முன்னாலும் திட்டினேன். அவளை யோசிக்க விடாதவன் நான்.

கிராண்ட்மாஸ்டர் குகேஷ் 2500 ரேட்டிங்கை நெருங்கும் வரை பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா அவரைக் கணினிச் செஸ் இன்ஜின் பக்கமே விடவில்லை. இதைப் பெற்றோரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டே, பிள்ளைகளை யோசிக்க விடாமல் நான் நேர்மாறாக நடந்தேன்.

திட்டியது போலவே எல்லார் முன்னாலும் அந்தச் சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டேன்.

சொல்லித்தரும் மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாதாரண ஆட்டக்காரர்களின் ஆட்டங்களையும் ரேட்டிங் வாரியாகப் பார்க்க அதே தளத்தில் வழி இருக்கிறது. மாவட்டப் போட்டியில் எதிரே உட்காரப்போகிறவர்கள் ஆடும் நகர்வுகள் அங்கேதான் கிடைக்கும். முதலில் அதைத் திறங்கள். தப்பான நகர்வைக் காட்டி, பதிலைப் பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.