எல்லை தாண்டிய போலீஸ்

புதுச்சேரின்னா எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரகடத்துலேர்ந்து வண்டி கிளம்பினா எதுக்குன்னு யாரும் கேக்க மாட்டாங்க :)

நூறு வருஷத்துக்கு முன்னாடி அதே ஊருக்கு வேற காரணத்துக்காக ஓடினவங்க உண்டு. 1908ல 'இந்தியா' பத்திரிகை மேல ராஜதுரோக வழக்கு. ஆசிரியர்னு பேர் பதிவாகியிருந்த சீனிவாசன் ஜெயிலுக்குப் போனார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில இருந்த புதுச்சேரிக்குப் போயிட்டார். 1910ல அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தாங்க.

அங்க பிரிட்டிஷ் போலீஸ் கைது பண்ண முடியாது. சரி, அப்படின்னா தப்பிச்சாச்சா? இல்லைங்க. அங்கதான் கதையே ஆரம்பிக்குது.

முதல்ல தபால். பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள்ள வரக் கூடாதுன்னு தடுத்தாங்க. வாசகர் எல்லாம் இந்தப் பக்கம், அச்சகம் அந்தப் பக்கம். 1910ல பத்திரிகை நின்னு போச்சு. அடுத்து ஆளுங்க. யார் வீட்டுக்கு யார் வர்றாங்க, எவ்வளவு நேரம் இருக்காங்கன்னு குறிச்சுக்க வேவுக்காரங்க. 1911 ஜூன் 17ல மணியாச்சியில கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு இது பல மடங்காச்சு. ஐயர் வீட்டுக் கிணத்துல ஒரு ஜாடி கிடைச்சுது, உள்ள ராஜதுரோகக் காகிதங்கள்! பாரதி யோசனைப்படி இவங்களே பிரெஞ்சு போலீஸ்கிட்ட போய்ச் சொல்லிட்டதால அந்தச் சதி பலிக்கல.

அப்புறம் சட்டம். வெளியூர்க்காரங்க அங்க தங்கணும்னா 5 கௌரவ மாஜிஸ்திரேட்டுங்க கையெழுத்து வேணும்னு பிரெஞ்சு அரசே விதி கொண்டு வந்துச்சு. கலவை சங்கரன் செட்டியார் அலைஞ்சு அந்தக் கையெழுத்துகளை வாங்கிக் கொடுத்தார். அவர் இல்லைன்னா என்ன ஆகியிருக்குமோ.

பிரான்சுலயே பாருங்க. 1910 ஜூலை 8ல சாவர்க்கர் மார்சேல்ல கப்பல்லேர்ந்து குதிச்சு கரை ஏறினார். பிரெஞ்சு போலீஸ்காரரே பிடிச்சுத் திருப்பிக் கொடுத்துட்டார். வழக்கு ஹேக் வரைக்கும் போச்சு. 1911 பிப்ரவரியில வந்த தீர்ப்பு: ஒப்படைச்சதுல முறைகேடு உண்டு, ஆனா பிரிட்டன் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை!

பாரதி 10 வருஷம் தாங்கினார். 1918 நவம்பர்ல எல்லை தாண்டினதும் கைது, கடலூர் ஜெயில்.

எனக்கு இதுல உறுத்துறது துப்பாக்கியோ விலங்கோ இல்ல, அந்த நோட்டுப் புத்தகம்தான். கைது பண்ண அதிகாரம் இல்லாத இடத்துல, யார் யாரோட பேசினாங்கங்கிற பட்டியலே விலங்கு வேலை பார்த்திருக்கு.

ஏன் உறுத்துதுன்னா, நான் எழுதுறது தொழிற்சாலை கேட்ல அட்டை தேய்க்கிற சாஃப்ட்வேர். போன மாசம் ஒரு கிளையன்ட் புது ரிப்போர்ட் கேட்டாங்க. டீ நேரத்துல எந்தெந்தத் தொழிலாளிங்க அடிக்கடி ஒண்ணா வெளிய போறாங்கன்னு தெரியணுமாம். கோடு போட்டா ரெண்டு நாள் வேலை. டேட்டா எல்லாம் ஏற்கெனவே இருக்கு.

நான் கோடு எழுதல. மூணு கேள்வி எழுதி அனுப்பினேன். இது எதுக்கு? யார் பார்ப்பாங்க? எத்தனை நாள் வெச்சிருப்பீங்க?

"ஏன் தம்பி வம்பு, அப்ரைசல் வருதுல்ல"ன்னார் லீட்.

பதில் இன்னும் வரல. பதில் வராம நான் அதைத் தொடுறதா இல்ல. வேற யார்கிட்டயாவது கொடுப்பாங்க, தெரியும். அந்த ஆளும் இதே மூணு கேள்வியைக் கேட்டா நல்லாருக்கும்.