கக்குற புள்ள தக்குமா?

பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தவள்தான் நானும். முதலாவதான காப்புப் பருவம் பிள்ளையின் மூன்றாம் மாதத்தில் தொடங்குவதாகக் கணக்கு. அதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குப் பருவமும் இல்லை, பாட்டும் இல்லை. கடவுளுக்கும் அரசனுக்கும் மடாதிபதிக்கும் பாடிய புலவர்கள் அந்த இரண்டு மாதமும் எங்கே போயிருந்தார்கள் என்று எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. அது பாட்டுப் பாடுகிற காலமில்லை, கக்கல் துடைக்கிற காலம் என்பது பிள்ளை பெற்ற பிறகுதான் தெரிந்தது.

என் மகன் பிறந்த பத்தாம் நாளிலிருந்து கிடக்க மாட்டேன் என்றான். பால் குடித்ததும் பாயில் கிடத்தினால் ஐந்து நிமிடம் தாங்காது. முகம் சிவந்து, உடம்பை வில்லாக வளைத்துக் கத்துவான். தொண்டைவரை ஏறிய பால் வாயிலும் மூக்கிலும் வழியும். தூக்கித் தோளில் போட்டால் அடங்கிப்போவான். கிடத்தினால் மறுபடி அதே கத்தல். தூளியிலும் தங்கவில்லை. உடம்பு மடங்கி வயிறு நசுங்கியதில் இன்னும் அதிகமாகக் கக்கினான். தாலாட்டெல்லாம் கிடக்கிற பிள்ளைக்குத்தான். கிடக்காத பிள்ளைக்கு ஆள் வேண்டும். விடியவிடிய நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் சாய்த்துக்கொள்ள ஓர் ஆள்.

தெருவே வைத்தியம் சொன்னது. "உரம் வுழுந்திருக்கு, பொடவையில போட்டு உருட்டு" என்றது பெரியம்மா. "தொக்கம் எடுத்தா சரியாப் பூடும்" என்றது எதிர்வீட்டு அத்தை. மூக்கில் எண்ணெய் விடச் சொன்னவர்களும் உண்டு. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் பிள்ளைக்கே ஆபத்து என்று சண்டை போட்டுத் தடுத்தேன். எல்லாரும் கடைசியில் ஒரே பழமொழியில் வந்து முடித்தார்கள். "கக்குற புள்ள தக்கும்டி, பயப்படாத." என் ஆயா மட்டும் அதைச் சொல்லவில்லை.

தோஷம் என்று சிலர் ஆரம்பித்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குத் தூரமான பொம்பளை எவளோ வந்து பார்த்துவிட்டாளாம். அவள் நிழல் பட்டதால் பிள்ளை பால் கக்குகிறதாம். நிழல் பட்டால் தீட்டு என்று நம் பாட்டன் பூட்டனைத் தெருவில் நடக்கவிடாமல் செய்த அதே கருத்து, நம் வீட்டுக்குள் வந்து நம் பெண்களில் ஒருத்தியைச் சுட்டுகிறது. பிள்ளையைப் பார்க்க வந்தவள் ராகிக் கூழும் கருவாட்டுக் குழம்பும் கொண்டுவந்திருப்பாள். அவளைத்தான் குற்றவாளி ஆக்குகிறோம். சாதியின் தீட்டை எதிர்க்கிறவர்கள் இந்தத் தீட்டை வீட்டு விஷயம் என்று விட்டுவிட முடியாது.

ஆஸ்பத்திரிக்கும் போனோம். முதலில் போன இடத்தில் நர்சம்மா சீட்டில் விலாசத்தைப் பார்த்தார். "காலனியா? அதான். குளிச்சி சுத்தமா இருந்தாத்தான புள்ளைக்கு ஒத்துக்கும்" என்றார். என் தோளிலிருந்து வந்தது புளித்த பால் வாடை. கக்குகிற பிள்ளையைத் தூக்கிவைத்திருக்கும் எந்தத் தாயின் தோளிலும் வரும் வாடைதான். ஊர்த்தெருப் பெண்ணின் புடவையில் அடித்தால் அதைப் பால்வாடை என்பார்கள். எங்கள் புடவையில் அடித்தால் சேரி நாத்தம். திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். அவருக்கு என் சாதி தெரியாது. நர்சம்மா சொன்னதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எனக்கு அதை வேறுவிதமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்துப் பார்த்த குழந்தை மருத்துவர் உட்காரவைத்துப் பேசினார். உணவுக்குழாய் வயிற்றோடு சேருமிடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. பச்சைப் பிள்ளைக்கு அது இன்னும் இறுகியிருக்காது. அதனால் குடித்தது மேலே எதுக்களித்து வருகிறது. நாலு மாதம்வரை கூடும், பிறகு குறையும், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வயது, ஒன்றரை வயதில் நின்றுபோகும். மருந்து வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுங்கள், ஏப்பம் எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் நிமிர்த்தித் தோளில் வைத்திருங்கள். தூங்கவைக்கும்போது மட்டும் சமமான இடத்தில் மல்லாக்கத்தான் போடவேண்டும். குப்புறப் போடக்கூடாது, தலையணை வைத்துச் சரிக்கக்கூடாது. மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், கக்கினாலும் பால் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது அரிது. பச்சையாகக் கக்கினாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, பீச்சியடித்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, எடை ஏறாமல் போனாலோ உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றார். பிறந்தபோது 2.7 கிலோ இருந்தவன் ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குப் போனபோது 3.9 கிலோ இருந்தான். "எடை ஏறுது இல்ல, அப்புறம் என்ன?" என்று சிரித்தார். பழமொழியில் விட்டுப்போன வார்த்தை அதுதான். எடை ஏறினால், கக்குற பிள்ளை தக்கும்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்குப் பத்து முறை பால். முறைக்கு அரைமணி நேரம் நிமிர்த்திப் பிடிப்பது. அதுவே ஐந்து மணி நேரம். பால் கொடுக்கிற நேரம் தனி, துணி அலசுகிற நேரம் தனி, கிடத்தியதும் கத்துகிறவனை மறுபடி தூக்குகிற நேரம் தனி. இது கூலியில்லாத ஒரு முழு ஆள் வேலை. உட்கார்ந்தபடியே தூங்கிப்போனால் பிள்ளை நழுவி விழும், துணியில் முகம் புதையும். அதனால் பிடித்திருக்கிற ஆள் விழித்திருக்கவும் வேண்டும். இந்த ஆளை மருந்துச் சீட்டில் எழுத முடியாது.

எங்கள் தொகுப்பு வீட்டில் ஓர் அறை, ஒரு திண்ணை. என் துணைவர் ராத்திரி பதினொரு மணிவரை தோளில் போட்டு நடப்பார். பதினொன்றிலிருந்து இரண்டுவரை ஆயா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, நெஞ்சோடு வைத்துக்கொள்ளும். இரண்டிலிருந்து விடியும்வரை அம்மாவும் நானும் மாற்றி மாற்றி. ஆறு மணிக்கெல்லாம் அம்மா நடவுக்குக் கிளம்பிவிடும். ராத்திரி நிமிர்த்திப் பிடித்த முதுகைப் பகலெல்லாம் சேற்றில் குனிந்து நிற்கவைக்கும். ஒருநாள்கூட அலுத்துக்கொண்டதில்லை என்று எழுதினால் அது பொய். "உன் ஒருத்தனுக்கு நாலு பேரு கேக்குதாடா" என்று பேரனைத் திட்டிக்கொண்டேதான் தூக்கும்.

அப்படி ஒரு ராத்திரியில்தான் ஆயா அதைச் சொன்னது. முப்பது வருஷத்துக்கு மேல் அதன் மடியில் கிடந்து வளர்ந்தவளுக்கு அதுவரை தெரியாத கதை.

"உங்கம்மாவுக்கு அப்பறம் ஒரு ஆம்பளப் புள்ள பொறந்தான். அவனும் இப்பிடித்தான், கெடக்கவே மாட்டான். எட்டாம் நாளு ஆண்ட வூட்டு ஆளு வந்து நின்னான், நடவுக்கு ஆளு பத்தலன்னு. வரப்பு மேல மரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு எறங்கிட்டேன். கத்துறது கேக்கும். கரையேறப் போனா, 'நட்டு முடிச்சிட்டுப் போ'ன்னுவான். மாரு கட்டிக்கினு பாலு ரவிக்கையெல்லாம் நனைக்கும், சேத்துல சொட்டும். அவனக் கெடத்தாம வச்சிக்க ஒரு ஆளு இல்ல. நாப்பது நாளு தாண்டல. தக்கும் தக்கும்னு சொன்னாங்க. தக்கலியே."

அந்தப் பிள்ளை எதனால் செத்தது என்று எந்த ரிஜிஸ்டரிலும் கிடையாது. எடை ஏறியதா என்று பார்க்கத் தராசு இல்லை. கக்கியது பச்சையா வெள்ளையா என்று பார்க்க ஆயாவுக்குக் கண் இருந்தது, கரையேற அனுமதி இல்லை. சாவுக்கான காரணம் நமக்குத் தெரியாது. தாய் பக்கத்தில் இல்லாததற்கான காரணம் நன்றாகத் தெரியும்.

பாபாசாகேப் அம்பேத்கர் தன் பிள்ளைகளில் நாலு பேரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். கடைசி மகன் ராஜரத்னா 1926இல் இறந்தான். இரண்டு வருஷம் கழித்து, 1928 ஜூலையில், பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்றார். அவள் உழைப்பில் லாபம் எடுக்கிறவர்களும் அந்தச் செலவைத் தாங்கவேண்டும் என்றார். 1929இல் அது சட்டமானது. ஆனால் ஆலைப் பெண்களுக்கு. வயல் அதற்கு வெளியே நின்றது.

இன்னும் வெளியேதான் நிற்கிறது. மகப்பேறு விடுப்பைப் பன்னிரண்டு வாரத்திலிருந்து இருபத்தாறு வாரமாக ஆக்கிய 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கூலிக்குக் குனிகிற எங்கள் பெண்களைத் தொடவில்லை. தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு 2021 முதல் சம்பளத்தோடு ஒரு வருஷம். அது அவர்கள் உரிமை, குறை சொல்லவில்லை. கழனிக்காரிக்கு முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய், அதுவும் தவணை தவணையாக, ஒரு பங்கு சத்துணவுப் பெட்டகமாக. நடவுக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், எத்தனை நாள் ஓய்வு அது? அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேல்தான் சேர்க்கிறார்கள். அந்த இரண்டு வருஷத்தைக் கிழவிகளின் தோளில் ஏற்றிவைத்திருக்கிறது அரசாங்கம்.

நம் இயக்கங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கூட்டத்தில் பிள்ளை அழுதால் மேடையிலிருந்து "அந்தக் கொழந்தைய வெளிய தூக்கிட்டுப் போங்கம்மா" என்று குரல் வருகிறது. விடுதலையைப் பற்றிப் பேச்சு உள்ளே நடக்கிறது, தாய் வெளியே நிற்கிறாள். பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தோழர் வெளியே நடந்திருந்தால் அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டிருப்பாள், பேசியும் இருப்பாள். சட்டையில் கொஞ்சம் பால் கக்கும். அலசினால் போய்விடும்.

என் மகனுக்கு இப்போது ஒன்பது மாதம். உட்காரப் பழகியதும் கக்கல் பாதியாகக் குறைந்தது. சோறு மசித்து ஊட்டத் தொடங்கியபின் இன்னும் குறைந்தது. ராத்திரியில் பாயில் கிடந்து தூங்குகிறான். எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதியிருக்கிறோம். விவசாயக் கூலிப் பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் முழுக் கூலி, காலனிக்குள்ளேயே கைப்பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம், அங்கே வேலை பார்க்கிற கிழவிகளுக்குச் சம்பளம் என்று மூன்று கோரிக்கைகள். மனுவில் முதல் கைநாட்டு ஆயாவுடையது.